புல்லில் படுத்த காற்று

ஆனி பிறந்து, மேற்கே கணவாயில் மேகம் கூடி, இன்றைக்கோ நாளைக்கோ சாரல் கட்டிவிடும் என்று ஆவரந்தலைக்காரர்கள் மொட்டைமாடியில் காயப்போட்டிருந்த வடகத்தையும் வற்றலையும் அள்ளி உள்ளே வைத்துவிட்டுக் காத்திருந்த ஒரு காலையில், மலையிறங்கி வந்த காற்று ஊருக்குள் நுழைந்து, தேர்முட்டியைத் தாண்டி, ரேஷன் கடையைத் தாண்டி, பஸ் திரும்புகிற முக்கில் வழி கேட்பதுபோல் கொஞ்சம் நின்று, பிறகு செல்லக்கனி வீட்டு இரும்பு கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், வாசல் தோட்டத்துப் புல்லில் சுற்றிச் சுற்றி வந்து இடம் பார்த்து, உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் படுத்துக்கொண்டது.

செல்லக்கனி அப்போது கையில் கோலப்பொடி டப்பாவோடு படியில் நின்றிருந்தாள். நடுவிலிருந்த புல்லெல்லாம் பெரிய உடம்பொன்று சாய்ந்த மாதிரி ஒருபக்கமாக அமுங்கிப்போனதையும், சுற்றியிருந்த புல் அப்படியே நின்றதையும், வேப்பமரத்தில் ஒரு இலைகூட ஆடாததையும், ஊருக்குக் கிழக்கே பொட்டலில் வரிசையாக நிற்கும் மின்சாரக் காற்றாடிகள் ஒவ்வொன்றாகச் சுற்றுவதை நிறுத்தியதையும் அவள் பார்த்தாள். கிட்டே போய்க் குனிந்து, அமுங்கிய இடத்துக்கு மேலே உள்ளங்கையை வைத்தாள். குளிர்ச்சியாக இருந்தது. கைக்கு அடியில் ஏதோ மூச்சு வாங்கியது. இன்றைக்கு அறுத்துவிடலாம் என்று அரிவாளைத் தீட்டி வைத்திருக்கிறோமே, இது இப்போதா வந்து படுக்கவேண்டும் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

ஊரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. காற்று செய்யாத சேட்டையா ஆவரந்தலைக்குப் புதிது? கூரை ஓட்டைப் பிடுங்கிக் குளத்தில் போட்டிருக்கிறது, கல்யாணப் பந்தலைத் தூக்கி அடுத்த ஊர்க் கல்யாணத்தில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறது, பஞ்சாயத்துத் தலைவர் மேடையில் பேசப்பேச அவருடைய வேட்டியை அவரை முந்திக்கொண்டு ஓட்டுக் கேட்க அனுப்பியிருக்கிறது. ஆகையால் காற்று படுத்துவிட்டது என்றதும் ஊர் கேட்டது எப்படிப் படுத்தது என்பதை அல்ல, படுக்க அதற்கு வேறு இடமா கிடைக்கவில்லை என்பதைத்தான்.

ஏனென்றால் அந்தப் புல்லுக்கு ஊரில் நல்ல பெயர் கிடையாது. செல்லக்கனியின் புருஷன் அருணகிரிக்கு அந்தக் காற்றாடிகளில் ஏறி மசகு போடுகிற வேலை. மகள் மதியைக் கட்டிக்கொடுத்துவிட்டு வெறிச்சென்று கிடந்த நாட்களில் ஒருதரம் அவன் பெண்டாட்டியைக் கம்பெனி விருந்தினர் மாளிகைக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே நடைபாதை ஓரமாக அழகுக்கென்று புல் வளர்த்திருந்தார்கள். சாயங்காலக் காற்று அந்தப் புல்லுக்குள் இந்த முனையில் நுழைந்து அந்த முனை வரைக்கும் நடந்து போனதைப் பார்த்துச் செல்லக்கனி வாயில் வைத்த பஜ்ஜியை மெல்ல மறந்து நின்றுவிட்டாள். பிறந்ததிலிருந்து காற்றிலேயே கிடந்தவள், காற்று உடைத்ததைப் பார்த்திருக்கிறாள், பறித்ததைப் பார்த்திருக்கிறாள், காற்றைப் பார்த்ததில்லை. இப்படித்தான் நடக்குமா இது, இப்படி இடுப்பை ஆட்டிக்கொண்டா நடக்கும் என்று வீடு வந்து சேரும்வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள். பிறகு அந்த மாளிகையில் புல்லைத் தோண்டிப் போட்டுவிட்டு டைல்ஸ் பதித்தபோது, அருணகிரி அதை இரண்டு சாக்கில் கட்டிக்கொண்டு வந்து அவள் முன்னால் கொட்டினான். இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவன் வாங்கித்தந்த எந்தச் சேலைக்கும் அவள் முகம் அப்படி மலர்ந்ததில்லை.

சிவப்பாய் அணில்வால் போலப் பூ விடுவது ஒன்று, பச்சையில் வெள்ளைக் கோடு ஓடுகிற நெட்டையான ஒன்று, நீலம் பாரித்துக் குத்துக்குத்தாய் முள்ளெலி மாதிரி உட்கார்ந்திருப்பது ஒன்று. அந்த மாளிகைத் தோட்டக்காரர் சொல்லி அனுப்பியதை அவள் வேதமாக வைத்துக்கொண்டாள்: உரம் போட்டால் கொழுத்துச் சாய்ந்துவிடும், போடக்கூடாது. தடவினால் அடியிலிருந்து நுனிக்குத் தடவவேண்டும், எதிர்த்துத் தடவினால் கையை அறுத்துவிடும். வருஷத்துக்கு ஒருதரம் சாண் உயரத்துக்கு ஒட்ட அறுத்துவிடவேண்டும், அறுக்காவிட்டால் தூர் நடுவிலிருந்து செத்துக்கொண்டு வரும்.

ஆவரந்தலையில் வாசலில் புல் முளைத்த வீடு என்றால் ஆள் இல்லாத வீடு என்று அர்த்தம். அங்கே பெண்கள் யார் வீட்டு வாசலில் நின்று பேசினாலும், பேச்சு பாட்டுக்குப் பேச்சு, கை பாட்டுக்குக் கீழே கிடக்கிற புல்லைப் பிடுங்கிப் போடும். செல்லக்கனி, மகளுக்கு ஐந்தாம் மாசத்துப் பலகாரம் கொண்டுகொண்டு புளியங்குடிக்குப் போய்விட்டுத் திரும்பிவந்தபோது, அவளுடைய நாத்தனார் பார்வதி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாதித் தோட்டத்தைப் பிடுங்கி முடித்து, ஆட்டுக்குப் போடக் கட்டும் கட்டி வைத்துவிட்டு, நெற்றி வேர்வையை வழித்துக்கொண்டு நின்றாள்.

"வீட்டப் பூட்டிப் போட்டுட்டு ஒரு நாளு போனா இப்படியா மதினி காடு மண்டும்? நல்லவேள நான் வந்தேன். காப்பியப் போடுங்க, குடிச்சிட்டு மிச்சத்தயும் பிடுங்கிருதேன்" என்றாள் பார்வதி.

செல்லக்கனி காப்பியும் போட்டாள், அழவும் செய்தாள். பார்வதி போனபிறகு ஒவ்வொரு தூரையும் எடுத்துத் திரும்ப நட்டாள். பொல்லாத புல் அது, எல்லாம் பிழைத்துக்கொண்டது.

பார்வதியைச் சமாளித்துவிடலாம். சம்பந்தியம்மாள் ஆவுடையம்மாளைச் சமாளிக்க முடியாது. மதிக்கு ஏழாம் மாசம் வளைகாப்பு. அதைத் தாய்வீட்டில் வைத்து முடித்து, அப்படியே தலைப்பிரசவத்துக்கும் மகளை இங்கேயே இருத்திக்கொள்ள வேண்டும். ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியம் எதுவும் கிடையாது என்பதால் ஆனிக் கடைசிக்குள் நாள் பார்க்க ஆவுடையம்மாள் புளியங்குடியிலிருந்து மடி நிறைய எலுமிச்சம்பழத்தோடு வைகாசிக் கடைசியில் வந்தாள். கேட்டைத் திறந்தவள் உள்ளே கால் வைக்கவில்லை.

"இது என்ன மதினி, கோரையா?"

"இல்ல மதினி, அழகுக்கு வச்சது. காத்து வந்தா நல்லா ஆடும்" என்றாள் செல்லக்கனி.

"ஆள் இல்லாத வீட்டுல தானா மொளைக்கும். நீங்க ஆள் இருக்கும்போதே நட்டுல்லா வளக்கிய?" என்ற ஆவுடையம்மாளின் முகம் கோபத்தில் சிவந்ததா, வேறெதனாலோ வெளுத்ததா என்று செல்லக்கனிக்கு அப்போது புரியவில்லை. "எம் மருமவள இந்த வாசல்ல நான் படியேத்த மாட்டேன். ஆனி முடியதுக்குள்ள இதத் தூரோட அறுத்து எடுத்துட்டுச் சொல்லி அனுப்புங்க, கூட்டிட்டு வாரேன். இல்லன்னா பிரசவத்த எங்க வீட்டுலயே பாத்துக்கிடுதோம்."

நாளை மட்டும் குறித்துக்கொண்டு, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல், எலுமிச்சம்பழத்தைக் கேட்டுக்கு வெளியிலேயே வைத்துவிட்டு அவள் போய்விட்டாள்.

செல்லக்கனிக்குப் புல் பிரியம்தான். மகள் அதைவிடப் பிரியம். இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். முடிவு செய்தவள் இன்னும் ஒரேயொரு காற்று பார்த்துவிடலாம் என்று ஒரு நாள் தள்ளினாள், அணில்வால் பூத்து முடியட்டும் என்று இன்னொரு நாள் தள்ளினாள், அரிவாள் மழுங்கியிருக்கிறது என்று மற்றொரு நாள். கடைசியில் அரிவாளும் தீட்டியாகி, சாக்குப்போக்கெல்லாம் தீர்ந்துபோன காலையில்தான் காற்று வந்து படுத்தது.

அன்றைக்கு மத்தியானத்துக்குள் கேட்டுக்கு வெளியே பாதி ஊர் நின்றது. சீசன் நேரத்தில் காற்றாடிகள் நின்றுபோனதால் கம்பெனியிலிருந்து இஞ்சினியர் ஒருவர் வேகவேகமாக ஜீப்பில் வந்து, கைக்கடக்கமான ஒரு கருவியைப் புல்லுக்கு மேலே பிடித்துப் பார்த்து, "காத்து இருக்கு, ஆனா ஓடல" என்று அருணகிரியிடம் சொல்லிவிட்டு, அதைத் தட்டி எழுப்ப வழி இருக்கிறதா என்று மரியாதையாகவே கேட்டார். அருணகிரி பெண்டாட்டியைப் பார்த்தான். பெண்டாட்டி புல்லைப் பார்த்தாள்.

அந்த நேரத்தில்தான் பால்காரி மாடத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். உலகத்தில் எது நடந்தாலும் அது தன் செவலைப் பசுவுக்கு முன்னாலேயே நடந்திருக்கிறது என்று சொல்கிறவள் அவள். தலைவர் தேர்தலில் தோற்றபோதுகூடச் செவலை ஒருதரம் இப்படித்தான் என்று ஆரம்பித்தவள். புல்லுக்குப் பக்கத்தில் குத்தவைத்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தாள்.

"படுக்க முந்தி சுத்துச்சாட்டி?"

"சுத்திச் சுத்தி வந்துச்சுக்கா" என்றாள் செல்லக்கனி.

"பெறவென்ன? இது களைச்சுப் படுக்கல. நெறஞ்சு படுத்திருக்கு. மாசமா இருக்குட்டி இந்தக் காத்து. எங்க செவலயும் இப்படித்தான், பெறுத நேரம் எவன் வைக்கப்படப்புல எடம் இருக்குன்னு தேடிப்போயித்தான் படுக்கும்."

சொல்லிவிட்டாளே தவிர மாடத்தி பேச்சை யாரும் உடனே நம்பிவிடவில்லை. இரண்டு நாள் கழித்து அதற்கு மசக்கை ஆரம்பித்தபோது நம்பினார்கள். முதலில் டீக்கடையில் வடை வேகிற வாசனை காணாமல் போனது. வடை இருந்தது, எண்ணெய் கொதித்தது, வாசனையை மட்டும் காணோம். தேடிக்கொண்டு போனவர்கள் அதைச் செல்லக்கனி வீட்டுப் புல்லில் கண்டார்கள், அமுங்கிய இடத்துக்கு மேலே ஆமவடை மணம் குப்பென்று நின்றது. மறுநாள் பூக்காரி கூடையிலிருந்த பிச்சிப்பூ மணம், அதற்கு மறுநாள் ரேஷன் கடை மண்ணெண்ணெய், அப்புறம் ஊறுகாய்ப் பானை, அப்புறம் பள்ளிக்கூடத்தில் புதிதாய் வந்திறங்கிய புத்தகங்களின் வாசனை என்று அதற்கு வாய்க்கு எது கேட்டதோ அதை ஊருக்குள்ளிருந்து உறிஞ்சிக்கொண்டது. பெண்கள் சிரித்துக்கொண்டார்கள். மாசமாயிருக்கிறவளுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று யார் சொல்ல முடியும்? கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிள்ளை காதில் சீழ் வடியும் என்று அவர்களே மாங்காயைக் கீறி, சாம்பலில் சுட்ட கிழங்கைப் பிய்த்து, புல் ஓரமாகத் தட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். பொருள் அப்படியே இருக்கும், சாயங்காலம் எடுத்து வாயில் போட்டால் சக்கைபோல் சப்பென்று இருக்கும்.

எல்லாருக்கும் இது உவப்பாயிருந்தது என்று சொல்ல முடியாது. காற்று எழுந்தால்தான் சாரல், சாரல் விழுந்தால்தான் வெங்காய வயல் பிழைக்கும். சின்ன உள்ளி போட்டிருந்த பரமசிவம் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு வந்து கேட்டுக்கு முன்னால் நின்றான்.

"ஊரு காய்ஞ்சு கெடக்கு. இத விரட்டுதியளா, நான் விரட்டட்டுமா?"

மாடத்தி பால் தூக்கைக் கீழே வைத்தாள். "ஒம் பொண்டாட்டி மாசமாயி அவ அம்மை வீட்டுல போயிப் படுத்திருந்தாள்லா, அன்னிக்கு எவனாவது கம்ப எடுத்துட்டுப் போயி விரட்டுனானா?"

பரமசிவம் கம்பைப் பார்த்தான். பிறகு அந்தக் கம்பையே பஸ் திரும்புகிற முக்கில் நட்டு, ஹாரன் அடிக்கக்கூடாது என்று ஒரு அட்டையில் எழுதிக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனான். அதற்குப்பிறகு ஆவரந்தலை கால் ஓசை கேட்காமல் நடந்தது. பிள்ளைகளை அடிப்பதாயிருந்தால் கிழக்குத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டுபோய் அடித்தார்கள். துணி காய ஒரு நாளுக்குப் பதில் இரண்டு நாள் ஆனது, புழுக்கத்தில் ஊரே விசிறிமட்டையோடு அலைந்தது. ஆனாலும் சாயங்காலம் ஆனதும் ஒவ்வொருவராக வந்து, சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று சொல்லிக்கொண்டு, அது மூச்சுவிடுவதைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுப் போனார்கள்.

செல்லக்கனிக்கு மட்டும் தூக்கம் போய்விட்டது. அவளுக்கு ஆனி ஒவ்வொரு நாளாகக் கழிந்துகொண்டிருந்தது. வளைகாப்புக்கு வாங்கிய கண்ணாடி வளையல்கள் பச்சையும் சிவப்புமாகப் பெட்டி பெட்டியாக அலமாரியில் இருந்தன. மதி போன் செய்தாள்.

"அம்மா, அறுத்துட்டியா?"

"இல்லட்டி."

"அத்தை தெனமும் கேக்காவ. எனக்கு இங்க ஒரு கொறையும் இல்லம்மா, நல்லாத்தான் பாத்துக்கிடுதாவ. ஆனா ராத்திரி ஒருக்களிச்சுப் படுத்தா ஒன் ஞாபகம்தான் வருது. எனக்கு ஒன் வீட்டுல வந்து படுக்கணும்மா, வேறொண்ணும் வேண்டாம்."

மறுநாள் விடிந்ததும் செல்லக்கனி அரிவாளை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கினாள். பெற்ற பிள்ளையைவிடக் காற்றா பெரிது என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள். ஓரத்து அணில்வாலை இடது கையால் வளைத்துப் பிடித்து, தூரில் அரிவாளை வைத்தாள். அப்போது காற்று புரண்டு படுத்தது. ஒருபக்கம் அமுங்கியிருந்த புல் மெல்ல எழுந்து, மறுபக்கத்துப் புல் மெல்ல அமுங்கியது. கனத்த வயிற்றோடு புரளுகிறவர்கள் ஒரு கையை ஊன்றி, ஒரு நொடி நின்று, பிறகு புரளுவார்களே, அப்படித்தான் அதுவும் நடுவில் நின்று புரண்டது. செல்லக்கனியின் கையிலிருந்த புல் குத்து, மற்ற எதுவும் அசையாமலிருக்க, அது மட்டும் துடுக்கென்று ஒருதரம் துள்ளியது. இன்னொருதரம் துள்ளியது. மதியை வயிற்றில் சுமந்தபோது முதன்முதலாக உதைத்த இடம் இந்த வயதிலும் அவளுக்கு நினைவிருந்தது. உள்ளங்கையில் அதே உதை.

அரிவாளைப் பரணில் போட்டுவிட்டு வந்து மகளுக்குப் போன் செய்தாள்.

"மதி, என்னால அறுக்க முடியலட்டி. நீ வருத்தப்படாத. அதுவும் ஒன்ன மாதிரித்தான் வந்திருக்கு. அம்மை வீடுன்னு நெனச்சு வந்து படுத்திருக்குத எப்படிட்டி எழுப்பிவிட?"

மகள் "சாப்பிடுதாம்மா அது?" என்று கேட்டாள். செல்லக்கனி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

குறித்த நாள் வந்தது. மறுநாள் ஒரு நாள் போனால் ஆடி. செல்லக்கனி குளித்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல், யாருமில்லாத வளைகாப்புக்கு வளையல் பெட்டிகளை எடுத்து வாசலில் அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பால் ஊற்ற வந்த மாடத்தி பெட்டியைப் பார்த்தாள், புல்லைப் பார்த்தாள்.

"யாருக்குட்டி காத்துக்கிட்டிருக்க? மாசமா ஒருத்தி கண்ணு முன்னால கெடக்காள்லா?"

அவ்வளவுதான். சொன்னது காதில் விழுந்த வீட்டிலிருந்தெல்லாம் பெண்கள் கிளம்பிவிட்டார்கள். புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சம்பழச்சோறு, தயிர்ச்சோறு, பாயாசம் என்று தூக்குச்சட்டிகள் வந்தன. பார்வதி சந்தனம் கரைத்தாள், பிடுங்கிய பாவத்துக்கு நானே முதலில் போடுகிறேன் என்று சண்டைபிடித்து முதல் வளையலைக் கோடுபோட்ட நெட்டைப் புல்லில் மாட்டினாள். பச்சையும் சிவப்புமாக ஒவ்வொரு குத்திலும் வளையல் ஏறியது. நலங்குப் பாட்டில் பெண் பெயர் வருகிற இடத்தில் என்ன பெயர் சொல்வதென்று தெரியாமல் எல்லாரும் ஒரே நேரத்தில் மதி என்று பாடிவிட்டார்கள். பாடிவிட்டுச் செல்லக்கனியைப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு வளையல் அடுக்கினாள்.

அந்த நேரத்தில் ஒரு வேன் வந்து நின்றது. ஆவுடையம்மாள் தனியாக இறங்கினாள். மருமகளுக்கு வாங்கிய வளையலைப் புல்லுக்குப் போடுகிறார்களாம் என்று யாரோ காலையிலேயே புளியங்குடிக்குப் போனில் சொல்லியிருந்தார்கள்.

"எங்க குடும்பத்தக் கேலி பண்ணுதியளா, மதினி?" என்று கேட்டுக்கொண்டே கேட்டைத் திறந்தவள், கூட்டத்தில் ஒருத்திகூடத் தன் பக்கம் திரும்பாததைப் பார்த்து நின்றாள். எல்லாரும் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வளையல்கள் தாமாகக் கிணுங்கத் தொடங்கியிருந்தன. நடுப்புல் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. அடித்தொண்டையிலிருந்து வருகிற மாதிரி ஒரு முனகல் தரையோடு தரையாக வந்து எல்லார் காலிலும் ஏறியது.

"வலி கண்டுட்டு" என்றாள் பார்வதி.

எல்லாரும் மாடத்தியைப் பார்த்தார்கள். மாடத்தி ஓரடி பின்னால் போனாள். "செவலைக்குக் கால் இருக்கும், புடிச்சு இழுப்பேன். இதுல நான் எதட்டி புடிக்க?"

முனகல் ஏறியது. யாரும் நகரவில்லை. ஆவுடையம்மாள் என்ன நினைத்தாளோ, கைப்பையைக் கீழே போட்டாள், செருப்பைக் கழற்றினாள், எந்தப் புல்லில் கால் வைக்கமாட்டேன் என்றாளோ அந்தப் புல்லுக்குள் விறுவிறுவென்று நடந்துபோய் மண்டிபோட்டு உட்கார்ந்தாள்.

"வேடிக்க பாக்கீயளா எல்லாரும்? ஒத்தையிலயா கெடந்து பெறும் அது? இடுப்பத் தேச்சு விடணும்" என்று அதட்டிவிட்டு, அமுங்கிய புல்லை இரண்டு கையாலும் தேய்த்தாள். புல் அவள் கையைக் கீறியது. ரத்தம் வந்தது. அவள் நிறுத்தவில்லை. செல்லக்கனி ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுத்துத் தேய்க்காதிய மதினி, அறுக்கும். அடியிலேர்ந்து நுனிக்கு. இப்படி."

இரண்டு பேரும் சேர்ந்து தேய்த்தார்கள். தேய்த்துக்கொண்டே ஆவுடையம்மாள் பேசினாள், யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை, காற்றிடம் சொன்ன மாதிரிதான் இருந்தது.

"எங்க அம்மை எனக்குக் கல்யாணமான வருசமே தவறிட்டா. அப்பாவும் பின்னாலயே போயிட்டாரு. தலப்பிரசவத்துக்கு எல்லாரும் அம்மை வீட்டுக்குப் போவாவ. நானும் ஒரு ஆசைக்குப் போயிப் பாத்தேன். கதவு பூட்டிக் கெடந்துச்சு. வாசல் முழுக்க இடுப்பளவுக்குப் புல்லு. அதப் பாத்துட்டுத் திரும்பி வந்து, புருசன் வீட்டு அடுக்களையில ஒத்தையில கெடந்து பெத்தேன். அன்னையிலேர்ந்து வாசல்ல புல்லக் கண்டா எனக்கு ஆவாது... விடு, விடு, மூச்ச விடு தாயி. நாங்க இருக்கோம்லா."

காற்று மூச்சை விட்டது. முதல் குஞ்சுக்காற்று அணில்வால் குத்துக்குள்ளிருந்து வந்தது. வந்து, எழுந்திருக்கத் தெரியாமல் தரையிலேயே ஒரு சுற்று சுற்றி, கொஞ்சம் சந்தனத் தூளையும் ஒரு வெற்றிலையையும் தூக்கிக்கொண்டு மாடத்தியின் சேலைக்குள் புகுந்தது. அவள் ஆவென்று குதித்தாள். அடுத்தது, அதற்கடுத்தது என்று வந்துகொண்டேயிருந்தன. எத்தனை என்று கேட்டால் இன்றைக்கும் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். ஒன்று பரமசிவம் கட்டிய அட்டையைப் பிய்த்தது, ஒன்று கிணற்றுக்குள் விழுந்து உள்ளேயே ஊளையிட்டுவிட்டு நனைந்து வெளியே வந்தது, ஒன்று பாயாசச் சட்டியை விட்டு நகரவே இல்லை. கடைசியில் பெரியது எழுந்தது. எழுந்து நின்று உடம்பை ஒரு உதறு உதறியதும், அது உறிஞ்சி வைத்திருந்த வாசனையெல்லாம் ஒரே நேரத்தில் கொட்டியது. வடையும் பிச்சியும் மண்ணெண்ணெயும் ஊறுகாயும் புதுப்புத்தகமும் கலந்த அந்த வாசனையில் ஊரே தும்மியது. தும்மி நிமிர்ந்தபோது கிழக்கே காற்றாடிகள் சுற்றத் தொடங்கியிருந்தன, மேற்கேயிருந்து சாரல் இறங்கிக்கொண்டிருந்தது.

ஆவுடையம்மாள் கொண்டை அவிழ்ந்து, கையெல்லாம் கீறலோடு, நனைந்துகொண்டு புல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்சம் தண்ணி குடுங்க மதினி" என்றாள்.

செல்லக்கனி செம்பு நிறையக் கொண்டுவந்தாள். மடக் மடக்கென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு ஆவுடையம்மாள் சொன்னாள்: "நாளைக்கும் ஆனிதான? காலையில கூட்டிட்டு வாரேன்."

மறுநாள் சாரலில் மதி வந்து இறங்கினாள். புது வளையல் வாங்கக் கடைக்குப் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். காற்று போட்டுக் கழற்றிய வளையல்களையே புல்லிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, பார்வதியும் மாடத்தியும் எல்லாருமாக அவள் கை நிறைய அடுக்கினார்கள். சாப்பாடு முடிந்ததும் உள்ளறையில் பாயைப் போட்டு, ஒரு கையை ஊன்றி, ஒரு நொடி நின்று, ஒருக்களித்துப் படுத்து, படுத்த மாத்திரத்தில் தூங்கிப்போனாள்.

வேன்காரர் இரண்டு தரம் வந்து நின்று பார்த்தார். ஆவுடையம்மாள் புறப்படுகிற மாதிரி இல்லை. சாரல் விட்ட நேரத்தில் செல்லக்கனி பரணிலிருந்து அரிவாளை எடுத்து வந்து, நசுங்கிக் கிடந்த புல்லைச் சாண் உயரத்துக்கு அறுத்துக்கொண்டிருந்தாள். இனி அறுத்தால் குற்றமில்லை, அறுத்தால்தான் துளிர்க்கும். ஆவுடையம்மாள் கேட்டுப் பக்கம் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். கடைசியில் வந்து பக்கத்தில் நின்றாள்.

"மதினி, இதுல எனக்கு ஒரு தூரு குடுப்பியளா?"

செல்லக்கனி நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்குப் பொட்டப்பிள்ள இல்ல. பெத்தது ஒரு பய. அம்மை வீடுன்னு என் வாசலுக்கு யாரு வரப்போறா? உங்க மவளும் இப்ப இங்க வந்துட்டா. வீடு ஹோன்னு கெடக்கும்." அவள் குனிந்து ஒரு தூரைத் தடவினாள், அடியிலிருந்து நுனிக்கு. "இத வச்சா ஏதாவது வந்து படுக்கும்லா?"

செல்லக்கனி கடப்பாரையை எடுத்து, அணில்வால் தூரின் நடுவில் வைத்து மிதித்து இரண்டாகப் பிளந்தாள். நல்ல பாதியாகப் பார்த்து எடுத்து, கோடுபோட்டதிலும் முள்ளெலியிலும் ஒவ்வொரு துண்டு பிரித்து, ஈரச் சாக்கில் சுற்றி அவள் கையில் கொடுத்தாள். ஆவுடையம்மாள் அதை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டாள்.

"உரம் போடாதிய. ரொம்பச் சீராட்டாதிய. தானா வரும்."

"சரி. ஒண்ணுக்கொண்ணு நெருக்கி நடணுமா, தள்ளி நடணுமா?"

"ஒரு ஆளு கால நீட்டிப் படுக்க எடம் விட்டு நடுங்க, மதினி."

ஆவுடையம்மாள் சாக்கைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் விரித்து அளவு பார்த்தாள். போதாது என்று தோன்றியது போலும், இன்னும் கொஞ்சம் விரித்தாள்.